நடு ஆற்றில் அப்பா

எங்கள் அப்பாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். பேச்சு கொஞ்சம் கனத்தால் போதும், காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். திரும்பி வரும்போது கையில் ஒரு பால் பாக்கெட் இருக்கும். பேச்சு செத்துப்போயிருக்கும். "சுவத்தோட குடும்பம் நடத்தினாக்கூட அது நின்ன இடத்துல நிக்கும்" என்பாள் அம்மா. சொல்லி அலுத்துப்போய், நான்கு வருஷத்துக்கு முன்னால் சித்தி வீட்டோடு போய்விட்டாள்.

நாளைக்கு அம்மாவுக்கு இதய ஆபரேஷன். உள்ளே போவதற்கு முன் அப்பாவை ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். நானும் அப்பாவிடம் பேச்சை எடுத்துப் பார்த்தேன். எடுக்கும்போதெல்லாம் வீட்டுக்குப் பால் வந்ததுதான் மிச்சம். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அதனால்தான் ஆற்றைக் கடக்கும் கேபிள் கார். ஆற்றின் நடுவில் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கே போவார், பார்த்துவிடலாம். அப்பா லிப்ட் மெக்கானிக். கம்பியையும் சக்கரத்தையும் பார்க்கலாம் என்றதும் மறுபேச்சில்லாமல் கிளம்பினார்.

பெட்டி எங்கள் இருவருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். என் புத்தியை என்ன சொல்ல. கதவு மூடும் நேரத்தில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு புருஷன் பெண்டாட்டியையும் ஏற்றிவிட்டார்கள். அந்த அம்மாள் உட்கார்ந்ததும் போட்டோ எடுக்க ஆரம்பித்தாள்.

கீழே ஆறு அகலமாக, கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. "கப்பிக்கு நல்லா கிரீஸ் வெச்சிருக்காங்க" என்றார் அப்பா, மேலே பார்த்தபடி. யார் கேட்டால் என்ன என்று நான் ஆரம்பித்தேன்.

"நாளைக்கு அம்மாவுக்கு ஆபரேஷன்ப்பா. உங்களைப் பாக்கணும்னு சொல்றா. வருவீங்களா, மாட்டீங்களா?"

அப்பா எழுந்துவிட்டார். பெட்டி ஆடியது. அந்த அம்மாள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா கதவைத் தடவினார். உள்ளே கைப்பிடி கிடையாது. வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஆனாலும் ரப்பர் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"இப்ப எங்க போவீங்க?" என்றேன். நெஞ்சில் ஈரமில்லாமல்தான் கேட்டேன்.

அப்பா கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. பிறகு ஒரு சத்தம் வந்தது. புரையேறியதோ என்று நினைத்தேன். இல்லை, அழுதுகொண்டிருந்தார். இத்தனை வருஷமும் இதற்காகத்தான் தெருவுக்குப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒளிய இடமில்லாமல் அவரைப் பூட்டி வைத்தவள் நான். எனக்கு வெட்கமாக இருந்தது. எதிரே இருந்தவர்கள் போனை இறக்கிவிட்டு ஆற்றைப் பார்த்தார்கள்.

"அவளுக்கு ஒண்ணும் ஆயிடாதே?" என்றார்.

"ஆகாதுப்பா." எனக்கென்ன தெரியும்.

"வரேம்மா. ஆனா அவ எதிர்லயும் நான் இப்படி அழுதுட்டா?"

அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் போட்டு, அப்பாவின் வாயருகே நீட்டினேன். "வரேன்னு நீங்களே சொல்லுங்க."

அப்பா வாயைத் திறந்தார். அந்தச் சத்தம்தான் மறுபடி வந்தது.

அந்தப் பக்கம் அம்மா இரண்டு முறை ஹலோ சொல்லிப் பார்த்தாள்.

"யாருடி அது," என்றாள், "இப்படி அழறது?"