தட்டுத் தண்ணீரில் சத்தம்

செய்முறைப் பரீட்சையில் எனக்கு வந்த சீட்டைப் பிரித்தேன். ‘இசைக்கவையைத் தட்டி ஒலி எப்படி உண்டாகிறது என்று செய்து காட்டு. மெதுவாகத் தட்டினால் என்ன, பலமாகத் தட்டினால் என்ன, கேட்டு எழுது.’ கண்ணாடியும் வெளிச்சமும் வந்திருக்கலாம். தட்டில் தண்ணீர் அலை வந்திருக்கலாம். எனக்குப் போய் சத்தம் வந்தது.

நான் தொண்டியில் ஐஸ் கம்பெனி ஆள். பார் பாராக வரும் ஐஸை உடைத்துத் தூளாக்கித் தள்ளும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்று இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலது காது பாதி. இந்தப் பாதியாவது மிஞ்ச வேண்டுமென்றால் மிஷினை விட்டு வெளியே வா என்று டாக்டரம்மா சொன்னார். வெளியே என்றால் எடைமேடை வேலை ஒன்றுதான் உண்டு. அதற்குப் பத்தாவது பாஸ் வேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். கல்யாணமான பிறகு எழுத்துக் கூட்டப் படித்தவன் நான். எட்டாவதைத் தனித்தேர்வில் எழுதித் தாண்டி, இப்போது பத்தாவது. இந்த அறிவியல் செய்முறையில் தேறாவிட்டால் இன்னொரு வருசம் மிஷின். அதற்கப்புறம் எடைமேடை கிடைத்தும் என்ன, லாரிக்காரன் கூப்பிடுவது காதில் விழாது.

பக்கத்து மேசையில் ஜுனைதா. அவளும் தொண்டிதான், என்னை மாதிரித் தனித்தேர்வு. மாப்பிள்ளை துபாயில் இருக்கிறார். ராமநாதபுரத்தில் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வந்ததெல்லாம் ஒரே பஸ்ஸில்தான். என் சீட்டை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணே, நீங்க பாட்டுக்குத் தட்டுங்க. சத்தம் பெருசா இருந்தா நான் இருமுறேன். சின்னதுன்னா தும்முறேன்.”

ரகசியமாகச் சொன்னதாகத்தான் அவளுக்கு நினைப்பு. என்னிடம் பேசிப் பேசி அவளுக்கும் குரல் பெருத்துவிட்டது. பின்பெஞ்சு வரைக்கும் சிரித்தார்கள்.

“அங்கன யாரு தும்முறது?” என்று காலிதா டீச்சர் திரும்பினார். அவர்தான் மார்க் போடுகிறவர், வேறு ஊரிலிருந்து வந்தவர்.

“வேணாம் தங்கச்சி,” என்றேன். “மாட்டுனா ரெண்டு பேரும் அடுத்த வருசம் பஸ் ஏறணும். நான் பாத்துக்கிறேன்.”

என் முறை வந்தது. ரப்பர் சுத்தியால் இசைக்கவையைத் தட்டினேன். டீச்சர் உள்ளங்கையை விரித்து என் முன்னால் காட்டினார். நான் சட்டென்று கவையை இறுகப் பிடித்துவிட்டேன்.

டீச்சர் முகம் மாறியது. “ஏன் புடிச்சீங்க? பொறுங்க, சத்தம் அடங்குற வரைக்கும் கேளுங்கன்னுதானே கையக் காட்டுனேன்?”

ஐஸ் கம்பெனியில் வாய்ப்பேச்சு எடுபடாது. எல்லாம் கைதான். விரித்த உள்ளங்கை என்றால் நிறுத்து என்று அர்த்தம். நிறுத்தாவிட்டால் யாருடைய விரலாவது போகும். அது என் உடம்பில் ஊறிவிட்டது. இதை அவரிடம் சொன்னேன். சொன்னதில் காது கேட்காத கதையும் சேர்ந்து வந்துவிட்டது.

டீச்சர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் வலது பக்கம் வந்து நின்று, “கேட்டு எழுதுன்னு போட்டிருக்கு மாரீஸ்வரன். கேக்காம எப்படி மார்க் போடுறது? மனசறிஞ்சு போட முடியாதுங்க,” என்றார்.

“போட வேணாம் டீச்சர். செஞ்சு காட்டுறேன். பாத்துட்டுப் போடுங்க. தண்ணி வச்ச அந்தத் தட்டை எடுத்துக்கிறட்டுமா?”

“அது அலைப் பரிசோதனைக்கு வச்சது.”

“இதுவும் அலைதானே டீச்சர்?”

அவர் ஒதுங்கி வழி விட்டார். சரி என்று எடுத்துக்கொண்டேன். தட்டைத் தூக்கி ஜன்னல் வெயிலில் வைத்தேன். தண்ணீரில் பட்ட வெளிச்சம் திரும்பிப் போய் மேலே கூரையில் வெள்ளையாக விழுந்தது. அது அசையாமல் நிற்கும் வரைக்கும் பொறுத்தேன். கவையை மெதுவாகத் தட்டி அதன் நுனியைத் தண்ணீரில் தொட்டேன். கூரையில் இருந்த வெளிச்சம் கோடு கோடாகச் சிலிர்த்தது. மறுபடி பலமாகத் தட்டித் தொட்டேன். தண்ணீர் தெறித்து டீச்சர் சேலையில் பட்டது. கூரை வெளிச்சம் பிய்ந்து பறந்தது.

“யா அல்லாஹ்!” என்றாள் ஜுனைதா, தன் கண்ணாடிப் பரிசோதனையை விட்டுவிட்டு.

“நீங்க ஒங்க வேலையப் பாருங்க,” என்றார் டீச்சர். சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏன் தெறிச்சுச்சு?”

“கவை ஆடுது டீச்சர். ஆட்டந்தான் சத்தம். பலமாத் தட்டுனா வீச்சு பெருசு.”

“வீச்சு பெருசானா சத்தம் கூடும். சுருதி? அது மாறுமா?”

புத்தகத்தில் படித்தது ஞாபகத்துக்கு வரவில்லை. மாறும் என்று அடித்துவிடலாம். பாதிக்குப் பாதி சரியாக இருக்கும்.

“தெரியலை டீச்சர். அது காதுல வாங்குனாத்தான் தெரியும்.”

டீச்சர் என் கையிலிருந்து கவையை வாங்கிக்கொண்டார். பிறகு, “குனிங்க,” என்றார். “நான் சொல்லித்தரல. பரீட்சை உங்களுதுதான். கேக்க ஒரு வழி மட்டும் செஞ்சு தாரேன்.” கவையைத் தட்டி அதன் காம்பை என் வலது காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்தினார்.

சத்தம் மண்டைக்குள் கோவில் மணி மாதிரி நின்றது. மிஷின் இரைச்சல் மாதிரி அடிக்கவில்லை. ஒரே நூலாக ஓடியது. இவ்வளவு சுத்தமான சத்தம் எப்போது கேட்டேன் என்று எனக்கு நினைப்பில்லை. கண் கலங்கிவிட்டது. துடைக்கவில்லை, நேரம் போய்க்கொண்டிருந்தது.

“நானே தட்டுறேன் டீச்சர். குடுங்க.”

மெதுவாகத் தட்டி எலும்பில் வைத்தேன். பிறகு பலமாக. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை இரண்டையும் செய்தேன்.

“மாறல டீச்சர். அதே சுருதிதான். சத்தம் பெருசாகுது, அம்புட்டுத்தான்.”

“எழுதுங்க,” என்றார்.

என் கை சம்மட்டிக்குப் பழகிய கை. பேனா அதில் நிற்காது. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதினேன். மணி அடித்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எல்லோரும் எழுந்து போன பிறகும் கடைசி வரி பாக்கி இருந்தது. டீச்சர் தாளைப் பிடுங்கவில்லை. முற்றுப்புள்ளி வைத்ததும் வாங்கிப் படித்தார். கட்டத்தில் மார்க்கைப் போட்டுக் கையால் மறைத்துக்கொண்டார்.

“மார்க்கச் சொல்லக் கூடாது,” என்றார் என் வலது காதருகே. “எழுத்துப் பரீட்சைக்கு உக்காந்து படிங்க. இதப் பத்தி இனிக் கவலப்படாதீங்க.”

வாசலில் ஜுனைதா காத்திருந்தாள். “என்னண்ணே, இருமுற வேலை இல்லாமப் போச்சே!” என்றாள். சிரிக்க நேரமில்லை. சாயங்காலம் எனக்கு மிஷின் வேலை இருந்தது. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியில் சாய்ந்துகொண்டு, ஒளிப் பாடத்தின் முதல் பக்கத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டினேன்.