ஆண் நிமித்தி

டோங்கோலா நகருக்குத் தெற்கே, நைல் கரையில் இருந்த அந்த ஊரில் குளிர் தொடங்கினால் நிமித்திகள் வந்துவிடும். கொசு மாதிரி இருக்கும், கடிக்காத பூச்சிதான். ஆனால் கூட்டமாக எழுந்து வாயிலும் மூக்கிலும் புகுந்தால் ஊரில் பாதிப் பேருக்கு மூச்சு இழுக்கும். அவற்றை வகை பிரிக்கும் ஆராய்ச்சியாளர் என்பதற்காக நப்ராவுக்கு மட்டும் அவை சலுகை காட்டவில்லை.

ஆற்றில் ஒரே பச்சை நிறத்தில் இரண்டு வகை நிமித்திகள் இருந்தன. மூச்சை அடைப்பது ஒன்றுதான். ஆணின் வால்நுனிக் கொக்கியைப் பார்த்தால்தான் எது எதுவென்று தெரியும்; கெட்ட வகைக்கு அது வளைந்திருக்கும். அந்தக் கெட்ட வகை மணல்திட்டில் வளர்கிறது என்று நப்ரா அறிக்கை எழுதியிருந்தாள். அதை நம்பித் திட்டில் மருந்து தெளிக்க ஆட்கள் வரவிருந்தார்கள். ஆனால் திட்டில் எடுத்த புழு எதுவும் அவள் கண்முன்னே ஆண் பூச்சியாக மாறவில்லை. செத்தது போக, வந்ததெல்லாம் பெண். கடைசியாக ஒரு கண்ணாடிக் குழாயில் ஒற்றைக் கூட்டுப்புழு மிஞ்சியிருந்தது.

அந்த நேரம் பார்த்து அவளுக்கு மூச்சு முட்டியது. கணவன் சாலிஹீன் அவளை மருத்துவமனையில் சேர்த்தான். ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். படுத்த இடத்திலும் குழாய் நினைப்புத்தான். இதற்குள் வெளியே வந்து தண்ணீரில் ஒட்டி அழுகியிருந்தால்?

மறுநாள் காலை வீட்டுக்குத் திரும்பினால் எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தன. லேசாக மருந்து வாடை.

“என்ன அடிச்சீங்க, இல்ஹாம் வாப்பா?” மகள் பெயரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள்.

“பூச்சி மருந்து. ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாதுன்னு நேத்தே வந்து அடிச்சேன்.”

“என் மேசை இருக்கிற ரூம்லயுமா?”

“அங்கதானே நீ அதுங்கள வளர்க்குற. மூஞ்சி நீலமாகிக் கிடந்தியே, நான் வேற என்ன பண்ணுவேன்?”

சண்டை போட அவளிடம் மூச்சு இல்லை. குழாயை எடுத்தாள். கூட்டுப்புழு அசையாமல் மிதந்தது.

“வேற புடிச்சுக்கலாம்ல?” என்றான் சாலிஹீன், குரல் இறங்கி.

“திட்டுல இருந்ததெல்லாம் பறந்து போச்சு. இனி அடுத்த குளிருக்குத்தான்.”

குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். தோலுக்குள்ளே மடங்கிய கால்கள் தெரிந்தன, ஆணுக்கு மட்டும் வரும் இறகு போன்ற மீசையும் தெரிந்தது. வெளியே வரத் தயாராகிச் செத்திருக்கிறது. ஆண். புழுவாக இருந்தபோது உரித்த தோலும் குழாயின் அடியிலேயே கிடந்தது; திட்டில் எடுத்த புழுதான் இது என்பதற்கு அது சாட்சி.

நுண்ணோக்கியில் வைத்து ஊசியை எடுத்தாள். மருத்துவமனையில் போட்ட மருந்தின் வேகத்தில் கை வெடவெடவென்று ஆடியது.

“என் மணிக்கட்டப் புடிச்சுக்குங்க. அழுத்தாதீங்க.”

அவன் பிடித்துக்கொண்டான். ஆட்டம் அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். பிறகு தோல் கிழிந்து வால்நுனி பிரிந்து வந்தது. அவள் கொக்கியைத் தேடிப் பார்த்தாள்.

“சொல்லேன், நப்ரா.”

“கொக்கி வளையல. இது ஒண்ணும் செய்யாத வகை. நான் தப்பா எழுதிட்டேன்.”

“அப்ப உன்னை மூச்சு முட்ட வைக்கிறது எங்க வளருது?”

“தெரியல.”

அன்றே தொலைபேசியில் சொல்லி, திட்டில் நடக்கவிருந்த மருந்துத் தெளிப்பை நிறுத்தினாள். ஊரில் முணுமுணுத்தார்கள். “இவ பேச்சைக் கேட்டா ஆயுசுக்கும் இழுக்க வேண்டியதுதான்” என்று அவள் காதுபடவே பேசினார்கள்.

அடுத்த வாரம் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, இன்னும் பறக்காத புழு இருக்குமா என்று தேட எதிர்க்கரைச் சேற்றில் இறங்கினாள். சாலிஹீன் சல்லடையோடு பின்னால் வந்தான். அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. மூச்சுக்கு மூச்சு அவள் முதுகு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.