வீட்டு வரி

ஹௌத்தாய் என்றால் காற்று. ஆனால் அரசாங்க அடையாள அட்டையில் அவர் வீடு.

நாற்பது வருடங்களுக்கு முன் பதிவு அலுவலகக் குமாஸ்தா ஒருவர் ஸ்பானியத்தில் பெயர் கேட்டார். புரியாத ஹௌத்தாய் தன் பழங்குடியின் வயூ மொழியில் "காசா?" என்றார். "என்னது?" என்று அர்த்தம். ஸ்பானியத்தில் காசா என்றால் வீடு. குமாஸ்தா எழுதிக்கொண்டார். பிறந்த நாள் டிசம்பர் 31 என்றும் போட்டார். அன்று வரிசையில் நின்ற எழுபது பேருக்கும் அதே நாள்தான். அந்த டிசம்பரில் எங்கள் குவாஹிரா வட்டாரத்து மருத்துவச்சிகள் என்ன பாடு பட்டார்களோ!

இனித் தன் குலத்தில் யாரையும் பதியக்கூடாது என்று ஹௌத்தாய் அன்றே சொல்லிவிட்டார். வயூக்களிடம் தாய்மாமன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. குடியிருப்பில் பதினொரு பிள்ளைகள் அரசாங்கத்துக்குத் தெரியாமல் ஓடித் திரிந்தார்கள்.

தங்கை மகள் யுலேனிஸ்தான் கைக்குழந்தையோடு எதிரே வந்து நின்றாள்.

"மாமா, பதியலன்னா பிள்ளைக்கு ஆஸ்பத்திரி அட்டை கிடையாதாம். பள்ளிக்கூடமும் கிடையாதாம்."

"பதிஞ்சா பேரு கிடையாது. என்னைப் பாரு, சுவரும் கூரையுமா நிக்கிறேன்."

"அப்ப நீங்களே வந்து பேருக்குக் காவல் நில்லுங்க."

குழந்தையின் பெயர் ஈவா, முதல் மழை. பாதிரியாரிடம் எழுத்துக் கற்றிருந்த யுலேனிஸ் அதை மணலில் குச்சியால் கீறிக் காட்டினாள்: IIWA. ஆட்டுக் காதில் குலக்குறி பார்ப்பதுபோல ஹௌத்தாய் ஒரே ஒரு முறை பார்த்தார். முந்நூறு ஆட்டில் தன் ஆட்டைக் கண்டுபிடிக்கிறவருக்கு அது போதும்.

அலுவலகத்தில் இளம் குமாஸ்தா பெயரைக் கேட்டான், தட்டினான், தாளை நீட்டினான். ஹௌத்தாய் அதை வாங்கிக்கொண்டார்.

"தம்பி, மூணு குறிதான் இருக்கு."

"தாத்தாவுக்குப் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. எண்ணத் தெரியும். முன்னாடி ரெண்டு குச்சி வேணும், ஒண்ணைக் காணோம். அடுத்ததுல ரெண்டு பள்ளம் வேணும், நீ ஒண்ணுதான் தோண்டியிருக்க."

யுலேனிஸ் எட்டிப் பார்த்தாள். IVA. சோப்பு வாங்கினாலும் ரசீதின் அடியில் வருமே, அதே மூன்றெழுத்து.

"ஐயோ மாமா, பிள்ளைக்கு விற்பனை வரின்னு பேரு வச்சிருக்கான்!"

"மாமன் வீடு, பிள்ளை வரி," என்றாள் வரிசையில் நின்ற பக்கத்துக் குடியிருப்புக்காரி ஒருத்தி. "வீட்டு வரி கட்ட வந்தீங்களாக்கும்!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹௌத்தாய் சிரிக்கவில்லை. குமாஸ்தாவின் பேனாவை எடுத்து, வாழ்க்கையில் முதல்முறையாக, நான்கு குறிகளையும் தாளில் கீறினார்.

"இப்படி."

காது சிவந்த குமாஸ்தா மறுபடி தட்டினான். ஹௌத்தாய் இரண்டு தரம் எண்ணிவிட்டுத் தலையாட்டினார்.

"தாத்தா, உங்க பேரையும் மாத்திடலாமே?"

"வேணாம்பா. நாப்பது வருசமா வீடுதான் போய் ஓட்டுப் போடுது. திடீர்னு காத்து வந்து நின்னா பயந்துருவீங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அலுவலக வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பதினொரு பிள்ளைகள் இறங்கினார்கள். அவர்கள் முன்னால், பதினொரு பெயர்களின் குறிகளையும் மனதில் ஏற்றிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி ஹௌத்தாய்.

குமாஸ்தா தானாகவே பேனாவை நீட்டினான்.