உள்பக்கம் தேய்ந்த டயர்

12 ஜூன் 2025, பெரம்பலூர்

நேற்று தவறு செய்துவிட்டேன். மாலை வகுப்பில் வண்டி பழுதுபார்க்கப் படிக்கிறேன் என்ற தைரியத்தில், அக்கா கணவர் அறிவரசன் மாமாவின் காருடைய முன் டயர்களை வெளிப்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருப்பதாகச் சொன்னேன்.

இன்று காலை அக்கா கீதாஞ்சலி கைக்குழந்தையோடு அரியலூரில் உள்ள புகுந்த வீட்டுக்குக் கிளம்பி, காரில் ஏறி உட்கார்ந்தாள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கக் குனிந்தேன். விரலில் கம்பி குத்தியது. உள்பக்கம் தேய்ந்து, டயரின் கம்பியே வெளியே வந்திருந்தது.

"இறங்குக்கா, இந்த டயரோட போகக் கூடாது."

"நல்ல நேரம் போயிடும்டி! நல்லாருக்குன்னு நேத்து நீதான சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன். பாப்பாவ வெச்சுக்கிட்டு வேணாம்க்கா."

மாமாவும் குனிந்து பார்த்தார். குழந்தையை வாங்கிக்கொண்டு, "பழத்த ஜூஸ் போடு கொழுந்தியா. இன்னிக்கும் உங்க வூட்டுச் சாப்பாடுதான்" என்றார். அக்கா சிரித்தபடி இறங்கி, என் விரலுக்கு மஞ்சள் வைத்தாள்.

நாளை முன் டயர் இரண்டையும் மாற்றி, மறுபடி உள்பக்கம் மட்டும் தேயாதபடி சக்கரங்களை நேராக்கும் வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். வரும் ஜனவரியில் போகிக்கு எரிக்க எடுத்துவைக்கும்படி சித்தப்பா கேட்டாலும், பழைய டயர்களை மறுசுழற்சிக்குக் கடையிலேயே கொடுத்துவிட வேண்டும்.