மூன்றாவது சம்பவம்

செயற்கை அறிவு மேற்பார்வை ஆணைக்குழு என்று ஒன்று கொழும்பில் இருப்பதே என் மனைவி றம்லா மௌத்தாகி மறைந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நாட்டுக்குள் வரும், கேட்டதற்குப் பதில் சொல்லும் பெரிய மாடல்களைச் சோதித்து அனுமதி கொடுப்பதும், ஆபத்தென்றால் நிறுத்துவதும் அவர்கள்தானாம். றம்லாவைக் கொன்ற மாடலை நிறுத்தட்டும் என்றுதான் முறைப்பாடு எழுதினேன்.

றம்லாவுக்குச் சீனி வருத்தம். காலையில் இன்சுலின் போடுவாள். ரமழான் தலை நோன்பன்று, விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி, நோன்போடு ஊசி போடலாமா என்று போனில் அந்த மாடலிடம் கேட்டிருக்கிறாள். வழமையான அளவையே போடலாம் என்றது. டொக்டரைக் கேள் என்றுகூடச் சொல்லவில்லை, நாசமாய்ப் போனது. அப்படியே போட்டுவிட்டு நோன்பிருந்தவள், சீனி இறங்கி, பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் குசினியில் விழுந்தாள். நிந்தவூரிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து, ஆணைக்குழுவின் விசாரணை அதிகாரி விதுஷா எனக்குப் போன் எடுத்தார்.

"சேர், இதே மாதிரி ரெண்டு சம்பவம் உறுதியாயிருக்கு. மூண்டு வந்தாத்தான் மாடலை நிப்பாட்டலாம். உங்கடதுதான் மூண்டாவது."

"அப்ப நிப்பாட்டுங்க தங்கச்சி."

"ஆனா மரணச் சான்றிதழ்ல மாரடைப்பு எண்டு இருக்கே. முன்னமே நெஞ்சு நோவு இருந்ததாம். அதை ஆர் சொன்னது?"

அன்று ஆஸ்பத்திரியில் பிரேத பரிசோதனை என்றதும் பதறிப்போய் நின்றேன். றம்லாவின் தம்பி றிம்சான் காதோடு சொன்னான்: "மச்சான், நெஞ்சு நோவு இருந்திச்சென்டு ஒரு சொல்லுச் சொல்லுங்க. வெட்டாமத் தந்திருவாங்க. மஃரிபு தொழுகைக்குள்ள அடக்கலாம்." மையித்தின் உடம்பில் கத்தி படக் கூடாது, அடக்கம் சுணங்கக் கூடாது. அந்த நேரத்தில் எங்கள் ஆட்களுக்கு வேறெதுவும் தோன்றாது. சொன்னேன். கையெழுத்தும் வைத்தேன்.

"நான்தான் சொன்னன். பொய், தங்கச்சி. அவளுக்கு நெஞ்சில ஒரு வருத்தமும் இல்ல. அது சொன்ன பதில் இன்னும் அவட போன்ல கிடக்கு."

"பாத்தன் சேர். பதில் பிழைதான். ஆனா அதாலதான் இறந்தவ எண்டு காட்ட இரத்தம்கூட எடுக்கல்லயே. உங்கட கையெழுத்தைத்தான் கம்பனி தூக்கிக் காட்டுது."

வெட்கமில்லாமல் அழுதேன். அவளைக் கத்தியிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்து அந்தச் சனியனைக் காப்பாற்றியிருக்கிறேன்.

"அப்ப இனி என்ன செய்வீங்க?"

"ஃபைலை மூட மாட்டம். காத்திருக்க வேண்டியதுதான்."

"எதுக்கு?"



அடுத்த நோன்புக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எங்கேயோ ஒருத்தி ஸஹருக்கு எழும்பி அதே கேள்வியைக் கேட்பாள். அவள் செத்தால்தான், அவளை வெட்ட அவளுடைய ஆட்கள் விட்டால்தான், அது நிற்கும்.