காலி கேரியரிடம் சொன்னது

வாடை கிளம்பிவிட்டால் வடசீனத்தில், எங்கள் தியான்ஜினில் யாரும் நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. சந்துக்குச் சந்து குளிர்காலத்துக்கான முட்டைக்கோஸ் வந்து குவியும். ஜன்னல் இடுக்கெல்லாம் காகிதம் ஒட்டுவார்கள். அந்தக் காலத்தில், காலையில் வேலைக்குப் போகிறவர்கள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, காற்றைத் திட்டிக்கொண்டே சைக்கிள் மிதிப்பார்கள். இப்போது தெருவில் எங்கே பார்த்தாலும் கார், இல்லாவிட்டால் மின்சார வண்டி. கைப்பிடிக்கு ஒரு மெத்தை, முழங்காலுக்கு ஒரு போர்வை. குளிருகிறதாம்! குளிர் என்றால் என்னவென்று இவர்களுக்கு என்ன தெரியும்? சாலை முழுக்க, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, நீலக் கோட்டும் சைக்கிள் மணியுமாகப் போவோமே, அதுதான் குளிர்.

நான் போனது பாவ்தியன் சைக்கிளில், பின்னால் கேரியரில். எனக்கும் ஒரு சைக்கிள் இருந்தது. தம்பிக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேலை கிடைத்ததும் அம்மா அதைத் தூக்கி அவனிடம் கொடுத்துவிட்டாள். புதிதாக வாங்கப் பணம் மட்டும் போதாது, அரசாங்கக் கூப்பன் வேண்டும். அந்தக் கூப்பன் யாருக்கு விழும் என்பது அந்தக் கடவுளுக்கே வெளிச்சம். "பாவ்தியன் பின்னாடி உக்காந்து போயேன்டி, அவன் போற வழிதானே?" என்றாள் அம்மா. அவன் பல குடும்பங்கள் சேர்ந்திருந்த எங்கள் முற்றத்திலேயே எதிர் அறையில் குடியிருந்தவன். வால்வு தொழிற்சாலையில் கடைசல் வேலை. என் கம்பளத் தொழிற்சாலைக்கு அடுத்த வாசல் அவனுடையது.

சைக்கிளில் பின்னால் ஆளை ஏற்றக் கூடாது என்று சட்டம். சட்டம் எங்கே இருக்கும்? போலீஸ்காரர் நிற்கிற நாற்சந்தியில் மட்டும்தான் இருக்கும். அதனால் நாற்சந்திக்குக் கொஞ்சம் முன்னாலேயே, கேரியரில் இருப்பவள் குதித்து இறங்கிவிடுவாள். ஒன்றும் அறியாதவள் மாதிரி நடந்து சாலையைக் கடப்பாள். மிதிக்கிறவன் நிறுத்தமாட்டான், அந்தக் கூட்டத்தில் நிறுத்தினால் பின்னால் வருகிறவன் மேலேயே ஏறிவிடுவான். மெதுவாக உருட்டிக்கொண்டு போவான். இவள் ஓடிப்போய் ஒரு தாவு தாவி மறுபடியும் ஒருக்களித்து உட்காருவாள். ஊரில் பாதிப் பெண்கள் இப்படித்தான் வேலைக்குப் போனோம். அதில் நான் கெட்டிக்காரி. ஏறும்போது மிதிக்கிறவனுக்கு ஒரு சின்ன ஆட்டம் மட்டும்தான் தெரியும்.

பாவ்தியன் நல்லவன். கைவேலைக்காரன். பார்க்கவும் லட்சணமாக இருப்பான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது, இப்போது என்ன வெட்கம், சொல்லிவிடுகிறேன். ஆனால் அவன் வாயைத் திறக்கமாட்டான். முற்றத்தில் எதிரே பார்த்தால் காது சிவந்து தரையைப் பார்ப்பான். சைக்கிளில் மட்டும், முதுகு என் பக்கமும் முகம் சாலைப் பக்கமும் இருக்கும்போது, ஏதோ இரண்டு வார்த்தை வரும். அதுவும் சங்கிலிக்கு எண்ணெய் போடணும், நாளைக்கு மழை வரும், இந்த மாதிரி.

அந்த வருஷம் இலையுதிர் காலத்தில் என் சித்தி ஒரு வரன் கொண்டுவந்தாள். வீட்டு வசதி அலுவலகத்தில் குமாஸ்தா, பெயர் ஹோ. மனைவியை இழந்தவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருவார், அன்றைக்கே பதில் சொல்லிவிட வேண்டும் என்று பேச்சு. அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை. "குழாய்ச் சூடுடி யாசென்! அவர் வீட்டுல நீராவிக் குழாய் இருக்குடி! அடுப்பு மூட்ட வேணாம், கரி வில்லை சுமக்க வேணாம், நடு ஜனவரியில ஒத்தைச் சட்டையோட இருக்கலாம்."

"நான் குழாயைக் கட்டிக்கவா, ஆளைக் கட்டிக்கவா?" என்றேன்.

"உன் வயசுக்கு ரெண்டும் சேந்து வருதே, சந்தோஷப்படு."

வியாழக்கிழமை காலையில் சைக்கிளில் போகும்போது விஷயத்தைப் பாவ்தியன் முதுகிடம் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை ஹோ வர்றாராம்."

"ம்."

"வீட்டுல பதில் கேக்குறாங்க."

"ம்."

"வாயில என்ன கொழுக்கட்டையா? உனக்கு ஒண்ணும் சொல்றதுக்கு இல்லையா?"

வெகுநேரம் மிதித்தான். பிறகு, "யோசிக்கிறேன்" என்றான்.

"யோசி, நல்லா யோசி. ஹோ வீட்டுல எனக்குப் பிள்ளை பொறந்ததும் வந்து சொல்லு" என்றேன். வெள்ளிக்கிழமையும் ஒன்றும் சொல்லவில்லை. இவன் ஒரு வார்த்தை கேட்டால் போதும், ஹோவை வாசலோடு அனுப்பிவிடுவேன். ஆனால் கேட்காதவனுக்காக அம்மாவிடம் எப்படிச் சண்டை போடுவது?

சனிக்கிழமை விடியும்போதே வாடை வீட்டைப் பிடித்து உலுக்கியது. முற்றத்துக் குழாயடியில் தண்ணீர் கண்ணாடியாகிவிட்டது. பெட்டிக்குள் கிடந்த பஞ்சுக் கோட்டுகள் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. பாவ்தியன் அவன் அண்ணனின் பழைய ராணுவக் கோட்டை மாட்டிக்கொண்டு, காதுமடல் வைத்த தொப்பியை இழுத்துத் தாடைக்குக் கீழே முடிச்சுப் போட்டிருந்தான். நான் கம்பளிச் சால்வையைக் கண் மட்டும் தெரிகிற மாதிரி சுற்றிக்கொண்டேன். ஏறி உட்கார்ந்தால் அவன் முதுகு ஒரு அலமாரி போல இருந்தது. எதிர்க்காற்று வேறு. எல்லோரும் நின்றுகொண்டு மிதித்தார்கள்.

நாற்சந்தி வந்ததும் வழக்கம்போல இறங்கி நடந்தேன். பாதியில் ஒரு முட்டைக்கோஸ் வண்டி குறுக்கே வந்து நின்றது. கழுதையை அவிழ்த்துவிட்டு மனிதனைப் பூட்டியது போல ஒரு கிழவர் இழுத்துக்கொண்டிருந்தார். நாலைந்து கோஸ் உருண்டு ஓட, எல்லோரும் குனிந்து பொறுக்கினார்கள். நான் சுற்றிக்கொண்டு வருவதற்குள் பாவ்தியன் போய்க்கொண்டே இருந்தான். "பாவ்தியன்! டேய் பாவ்தியன்!" கத்தினேன். காதுமடலுக்குள் எதுவும் நுழையவில்லை. அவன் முதுகு மற்ற முதுகுகளோடு கலந்து போயிற்று.

மிச்ச தூரத்தை நடந்தேன். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. பதில் சொல்லப் பயந்து, வேண்டுமென்றே இறக்கிவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் யோசித்து இதைத்தான் யோசித்திருக்கிறான். அழுதேன். சால்வைக்குள் அழுதால் யாருக்குத் தெரியும்? கன்னத்தில் வழிந்தது அங்கேயே விறைத்துக்கொண்டது. சரி, ஹோவே ஹோ, குழாய்ச் சூடே குழாய்ச் சூடு என்று முடிவு செய்துகொண்டுதான் தொழிற்சாலை வாசலை மிதித்தேன்.

உள்ளே நுழைந்தால் தறிக்கூடமே சிரிக்கிறது. காவ் அக்கா நடுவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வரிசையில் மூத்தவள் அவள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"வாடி வா, மகராணி! எங்கடி போன? உன் ஆளு ரோடு முழுக்கக் காலி கேரியர்கிட்ட கல்யாணம் பேசிக்கிட்டு வர்றான்!"

"என்னக்கா சொல்ற?"

"நாற்சந்தி தாண்டினதும் பின்னாடி வந்த எவனோ அவன் சக்கரத்துல லேசா ஒரு இடி இடிச்சான். நீதான் ஏறிட்டேன்னு நெனச்சுட்டான் போல. உடனே ஆரம்பிச்சான் பாரு! எதிர்க்காத்துக்குக் கத்திக் கத்திப் பேசுறான். பக்கத்துல நாங்க பத்து இருபது பேரு மணிகூட அடிக்காம கேட்டுக்கிட்டே வர்றோம்."

"யாராவது அவன்கிட்ட சொல்லக் கூடாதா?"

"நல்லா இருக்கே! பாதியில நிறுத்தினா மீதி எப்படிக் கேக்குறது?"

என் முகம் பற்றி எரிந்தது. "என்னதான் சொன்னான்?"

அதில்தான் குழப்பம். அடுப்பு புகையும், ஆனால் நானே முதலில் எழுந்து மூட்டுவேன் என்றானாம், இது காவ் அக்கா. அடுப்பைப் பற்றிப் பேச்சே இல்லை, அவன் அம்மாவின் கால் வலியைப் பற்றித்தான் என்றாள் இன்னொருத்தி. முட்டைக்கோஸ் எத்தனை வாங்குவது என்று கேட்டான் என்று மூன்றாமவள் சத்தியம் செய்தாள். காற்று ஆளுக்கு ஒரு துண்டு பிய்த்துக் கொடுத்திருக்கிறது. எல்லோரும் ஒத்துக்கொண்டது கடைசி விஷயத்தை மட்டும். வால்வு தொழிற்சாலை வாசலில் இறங்கி, பதிலுக்காகத் திரும்பிப் பார்த்தானாம். கேரியரில் யாரும் இல்லை. அப்படியே நின்றானாம். காவ் அக்கா அதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அன்றைக்குக் கம்பளத்தில் நான் போட்ட முடிச்சு ஒன்றுகூட நேராக விழவில்லை.

சாயங்காலம் சங்கு ஊதியதும் ஓடினேன். அவன் வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னைப் பார்க்காமல் டயரைப் பார்த்தான்.

"நீ இறங்கிப் போயிட்ட. புரிஞ்சுக்கிட்டேன்" என்றான்.

"என்ன மண்ணாங்கட்டியைப் புரிஞ்சுக்கிட்ட? நான் எங்க இறங்கிப் போனேன்? போலீஸ்காரன்கிட்ட என்னை அநாதையா விட்டுட்டுப் போனது நீ!"

"நீ ஏறினியே..."

"ஏறினது எவனோட முன்சக்கரமோ!"

அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. விஷயம் உள்ளே இறங்க இறங்க காது, மூக்கு, கழுத்து எல்லாம் சிவந்துகொண்டே வந்தது. "அப்ப... நீ ஒண்ணும் கேக்கலையா?"

"ஊரு கேட்டுச்சு. நான் கேக்கல. இப்ப சொல்லு."

வாயைத் திறந்தான், மூடினான். சுற்றிலும் இரண்டு தொழிற்சாலைக் கூட்டமும் வேலை முடிந்த அலுப்பை மறந்து நின்றுகொண்டிருந்தது. காவ் அக்கா சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "சத்தமா சொல்லு தம்பி, கடைசி வரிசைக்கும் கேக்கட்டும்" என்றாள். அவன் வியர்த்துவிட்டான், அந்தக் குளிரில்!

எனக்குப் பாவமாகிவிட்டது. "சரி, ஏறு. ரோட்டைப் பாத்துக்கிட்டே சொல்லு" என்று சொல்லிக் கேரியரில் உட்கார்ந்தேன்.

கிளம்பினோம். இப்போது காற்று எங்களுக்குப் பின்னால். நாற்சந்தி வந்தது. "இறங்கு" என்று கையைக் காட்டினான். "மாட்டேன். இன்னிக்கு இறங்குறதா இல்ல. மிதி!" என்றேன். போலீஸ்காரர் விசில் ஊதினார். பாவ்தியன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதித்தான். விசிலும் திட்டும் பின்னால் தேய்ந்து மறைந்தன. அதற்குப் பிறகு பார்த்தால் அவன் தொப்பி ஆடுகிறது, தோள் ஏறி இறங்குகிறது, வாயிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி பறக்கிறது. ஐயோ, பேசுகிறான்! காதைக் கொடுத்துக் கேட்டேன், சால்வையை இழுத்துவிட்டுக் கேட்டேன். ஒரு எழுத்துகூட விழவில்லை. வாடை அவன் சொல்வதையெல்லாம் முன்னால் வாரிக்கொண்டு போகிறது.

மறுபடி சொல் என்றால் இவன் ஜென்மத்துக்கும் சொல்லமாட்டான். விடிந்தால் ஞாயிறு. தொப்பி ஆட்டம் நின்றதும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "சரி! சம்மதம்! கேட்டுச்சா? சம்மதம்னு சொன்னேன்!"

சைக்கிள் ஒரு வளை வளைந்து, நடைபாதையில் மோதப் பார்த்து, நிமிர்ந்தது. பக்கத்தில் போன முன்பின் தெரியாத யாரோ மணி அடித்தார்கள். ஒருவர் அடிக்க எல்லோரும் அடித்தார்கள். அந்த மணிச் சத்தத்துக்குள் வீடு வரைக்கும் போனோம்.

எங்கள் புத்தாண்டான வசந்த விழாவுக்கு முன்னால் கல்யாணம் நடந்தது. ஹோவை வேண்டாமென்று அனுப்பியதற்கு அம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அடுப்பு புகைந்தது, அவன்தான் எழுந்து மூட்டினான். சண்டை போட்டோம், சிரித்தோம், மகனை முன்கம்பியில் உட்காரவைத்துக்கொண்டு மூன்று பேராக ஒரே சைக்கிளில் போனோம். அப்புறம் தொழிற்சாலைகளை மூடிவிட்டார்கள், முற்றத்தை இடித்துவிட்டார்கள், கடைசியில் குழாய்ச் சூடு வைத்த வீடு எங்களுக்கும் கிடைத்தது. நடு ஜனவரியில் ஒத்தைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தால் எனக்கு அந்தச் சைக்கிள் பாதையே ஞாபகத்துக்கு வரும். அன்றைக்குச் சாயங்காலம் என்னதான் சொன்னாய் என்ற கேள்வியும் அப்போதெல்லாம் நாக்கு நுனிவரை வரும். எப்படிக் கேட்பது? காதிலேயே விழாத பேச்சுக்கா சம்மதம் சொன்னாய் என்றுவிட்டால்?

போன வருஷத்துக்கு முந்தின குளிர்காலத்தில் அவனுக்கு நுரையீரல் ஓய்ந்துபோயிற்று. படுக்கைதான். ஒரு மதியம், அந்த வருஷத்து முதல் வாடை வந்து ஜன்னலைத் தட்டியது. இரண்டு பேரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். இனி எப்போது என்று தோன்றவும் சொல்லிவிட்டேன்.

"இங்க பாரு. அன்னிக்குச் சாயங்காலம் சைக்கிள்ல நீ பேசினது எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கல. சும்மாதான் சரின்னேன்."

கிழவன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று.

"நான் எங்க பேசினேன்? போலீஸ்காரனுக்குப் பயந்து மிதிச்சதுல மூச்சு வாங்குச்சு. எப்படி ஆரம்பிக்கிறதுன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள நீ கத்திட்ட."

நான் எழுந்தே விட்டேன். "அடப்பாவி! அப்ப நான்தான் உன்னைக் கேட்டேனா?"

"நீ கேக்கல. பதில் மட்டும் சொன்ன."

"இத்தனை வருஷமா சொல்லல பாரு! இதை எப்படி மறைச்ச?"

"நல்ல பதிலா இருந்துச்சு. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

அவனை அடிக்கலாம் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. "இப்ப சொல்லு. எல்லாத்தையும் சொல்லு. ஊரெல்லாம் கேட்டதை நான் கேக்க வேணாமா?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தான். இந்த வயதிலும் காது சிவந்தது. பிறகு கம்பளிக்குள் மெல்லப் புரண்டு, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். நான் கட்டில் விளிம்பில், அவன் முதுகுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தேன்.

"யாசென், பின்னாடி இருக்கியா?"

"இருக்கேன். பேசு."

பேசினான். நடு நடுவே நிறுத்தி, மூச்சு வாங்கி, மறந்து, ஞாபகப்படுத்திக்கொண்டு, முழுசும் சொன்னான். என்ன சொன்னான் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். அந்த வசந்த விழாவை அவன் பார்க்கவில்லை. எனக்கென்று அவன் விட்டுப்போனது அது ஒன்றுதான், அதை ஊருக்குப் பங்கு வைக்க முடியாது. ஒரு சொல் விடாமல் கேட்டேன். கடைசிவரை கேட்டு முடித்த பிறகுதான், அவன் முதுகில் கையை வைத்து, சரி என்றேன்.