பெரட்டுக்கு வந்த குறிப்பு

ஜெஸ்டின் எழுந்ததும் கேத்தலை அடுப்பில் வைப்பான். தண்ணீர் கொதிக்கும்வரை பல் விளக்குவான். பிளேன்டீயை ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் உட்காருவான். வெளியே பனி இருந்தால் பனியைப் பார்ப்பான், இல்லாவிட்டால் எதிர்வீட்டுத் தகரக் கூரையைப் பார்ப்பான். ஆறரைக்குப் போன் ஒருமுறை கிணுங்கும். எடுத்துப் படிப்பான். படித்ததும் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சேர்ட்டை மாட்டிக்கொண்டு பண்டாரவளை மார்க்கெட்டுக்கு இறங்குவான். அங்கே ஸலீம் முதலாளியின் மரக்கறி மொத்தக் கடையில் அவனுக்குக் கணினி வேலை.

ஆறரைக்கு வருவது அவன் மனைவி ரொஷானியின் குறிப்பு. ரொஷானி போன மாரியில் டெங்குக் காய்ச்சலில் இறந்துபோனாள்.

அவள் தெமோதரைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்து டீச்சர். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பிள்ளைக்கு வயிறு போனால் என்ன கொடுப்பது, பல் முளைக்கும்போது ஏன் கடிக்கிறது என்று தாய்மாருக்கு ஆயிரம் கேள்வி. நின்று கேட்க நேரம் இருக்காது. பெரட்டுக்கு ஓடவேண்டும். வேலைக்காரர்களைக் காலையில் வரிசையாக நிறுத்தி, பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலை என்று பிரித்துவிடுவதுதான் தோட்டத்தில் பெரட்டு. அதற்குப் பிந்தினால் அன்றைய வேலை போய்விடும். அதனால் ரொஷானி பதில்களை எல்லாம் பஸ்ஸிலும் வாசலிலும் இருந்தபடி போனிலுள்ள குறிப்புச் செயலியில் எழுதிவைப்பாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மடுவத்தின் பேஸ்புக் பக்கத்தில் போடுவாள். பாதி நாள் மறந்துபோவாள்.

"நீ எழுதுறதோட விடு. போடுறத அதுவே பார்த்துக்கிற மாதிரி செஞ்சு தாரேன்" என்று ஜெஸ்டின் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தான். கணினி படித்த மாப்பிள்ளையால் அவளுக்குக் கிடைத்த முதல் பலன் அது என்று அவளே சொன்னாள்.

"எதைப் போடணும், எதைப் போடக்கூடாதுன்னு அதுக்கு எப்புடிங்க தெரியும்? நான் சீனி, சவுக்காரம் வாங்கணும்னு எழுதி வச்சதையும் போட்டுட்டா?"

"ஒரு அடையாளச் சொல் குடு. அது இருந்தாத்தான் போடும்."

"அப்ப பெரட்டுன்னு வைங்க. பேர் கூப்புட்டதும் ஒவ்வொண்ணா மலைக்குப் போகட்டும்."

முதலில் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு குறி போடவேண்டும் என்றுதான் அவன் வைத்திருந்தான். குறியைத் தேடி விசைப்பலகையை மாற்றுவது பெரிய கரைச்சல் என்று அவள் முணுமுணுத்தாள். சரி, குறிப்பில் எந்த இடத்தில் அந்தச் சொல் இருந்தாலும் போதும் என்று விதியைத் தளர்த்திவிட்டான். எழுதிய தேதி பார்க்காமல் ஏதாவது ஒன்று, நாளுக்கு ஒருமுறை, காலை ஆறரைக்கு. அவள் அதைவிட வேகமாக எழுதினாள். குறிப்புகள் வரிசையில் சேர்ந்துகொண்டே போயின.

அவள் போன பிறகும் அவை வந்தன. "கஞ்சியில் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் பிள்ளை துப்பாது. பெரட்டு." "இருமலுக்கு மூக்கைச் சுத்தம் செய்தாலே பாதி சரி. பெரட்டு." மொனராகலைப் பக்கம் இருந்து யாரோ, விஷயம் தெரியாமல், நன்றி மிஸ் என்று எழுதுவார்கள். அவன் பதில் போடுவதில்லை. செயலியைத் திறந்து மிச்சத்தைப் பார்ப்பதும் இல்லை. நாளைக்கு ஒன்று வரும். அது போதுமாக இருந்தது.

அந்த ஞாயிறும் போன் கிணுங்கியது. எடுத்தான்.

"நெத்தலிய சுடுதண்ணியில ஊறப் போட்டு தலைய கிள்ளிருங்க. நீங்க கிள்ள மாட்டீங்க, தெரியும். வெங்காயம் வதங்குனதும் தூளைப் போட்டு நல்லா பெரட்டுங்க. அடி புடிச்சா கரண்டியால சுரண்டாதீங்க, புதுச் சட்டி. நான் வாரவரைக்கும் இத வச்சு சமாளிங்க. அக்கா வீட்டுல போய் சோத்துக்கு நிக்காதீங்க. போட்டத சொல்லிச் சொல்லிக் காட்டுவா."

என்ன நடந்திருக்கிறது என்று அவனுக்கு உடனே விளங்கியது. உடனே அழித்திருக்க வேண்டும். அழிக்கவில்லை. இத்தனை நாளும் வந்தவை தாய்மாருக்கு எழுதியவை. இதில் வரும் 'நீங்க' அவன். மறுபடி படித்தான். பிளேன்டீ ஆறியது. மறுபடி படித்தான்.

போன் அடித்தது. றீட்டா. ரொஷானியின் அக்கா. சாவு முடிந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் அவனுக்கு அவள் வீட்டில்தான் பகல் சோறு.

"தம்பி, நான் சொல்லிக் காட்டுறவளா?"

அவன் ஜன்னலோரத்தை விட்டு எழுந்தான்.

"பூசை முடிஞ்சு வெளிய வாரேன், ஜொனி பொஞ்சாதி போனை நீட்டிக்கிட்டு நிக்கிறா. றீட்டாக்கா, சோறு போட்டா ரசீதும் குடுப்பீங்களாமேன்னு கேக்குறா. சுத்தி நிக்கிறவளுகள்லாம் சிரிக்கிறாளுக. பாதரும் சிரிச்ச மாதிரிதான் இருந்துச்சு."

"வாரேங்கக்கா."

"வராம எங்க போவீங்க" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

தெமோதரை பஸ்ஸில் இருந்தபடி பக்கத்தைத் திறந்தான். "எங்க வீட்டுக்காரரும் தலைய கிள்ள மாட்டாரு" என்று ஒருத்தி எழுதியிருந்தாள். "மிஸ், இதுக்கு தக்காளி போடலாமா?" என்று இன்னொருத்தி. அழித்தான். செயலியில் அது இருந்தது, பக்கத்தில் இல்லை. நாளைக்கு வரப்போவது என்ன என்பது அவனுக்குத் தெரியாது. அவள் இன்னும் யாரைப் பற்றி, எதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறாளோ. விதியை நிறுத்தினால் அவள் மானம் தப்பும், காலையில் ஒன்றும் வராது. நிறுத்தாவிட்டால் வரும். பஸ் இறங்கும்வரை விரல் திரையின் மேலேயே நின்றது.

லயத்து வரிசையிலுள்ள தன் வீட்டில் றீட்டா சோற்றைப் போட்டு, கீரையும் பருப்பும் வைத்து, தட்டை அவன் முன்னால் தள்ளினாள்.

"சாப்புடுங்க. சொல்லிக் காட்ட மாட்டேன்."

அவன் பிசைந்தான்.

"அது எப்புடி வெளிய வந்துச்சு? உங்களுக்கு எழுதுனதுதானே?"

"பெரட்டுன்னு சொல் இருந்தா போடச் சொல்லி வச்சிருந்தேங்கக்கா. சட்டியில பெரட்டுறதும் அதுக்கு பெரட்டுதான்."

றீட்டா அவனை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா படிச்சீங்க தம்பி. நெத்தலிய பெரட்டுக்கு அனுப்பியிருக்கீங்க." சிரிப்பு நின்றதும் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நிப்பாட்டிருங்க அத. இன்னைக்கு நானு. நாளைக்கு யாரோ."

"நிப்பாட்டுனா காலையில வராது."

"வரிசையில இன்னும் என்ன இருக்கு?"

"தெரியாது. பார்க்கல."

"ஏன் பார்க்கல?"

"பார்த்தா ஒரே நாள்ல முடிஞ்சிரும்."

றீட்டா இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அவன் தடுக்கவில்லை. இடதுகையால் போனை எடுத்தான். விதியின் பக்கத்தில் ஒரு சிறு பச்சைப் பொத்தான் இருந்தது. தொட்டான். சாம்பல் நிறமாகிவிட்டது. அவ்வளவுதான் வேலை.

"அந்தப் பொம்பளைகளுக்கு?"

"காலையில எழும்பி நானே ஒண்ண எடுத்துப் பார்க்கிறேன். புள்ளைங்க விஷயமா இருந்தா போடுறேன்."

"ஒண்ணுக்கு மேல பார்த்துறாதீங்க" என்றாள் றீட்டா.

அவன் தலையாட்டினான். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்து தேய்த்தாள். சாம்பலும் தேங்காய்த் தும்பும் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"எப்ப எழுதுனா அத?"

"வார்டுக்குப் போன அன்னைக்கு. தேதி இருக்கு."

"அப்ப என்னயப் பத்தி அவ கடைசியா சொன்னது அதுதான்."

அவள் அதைக் கேள்வியாகக் கேட்கவில்லை. தேய்ப்பதும் நிற்கவில்லை. ஆனால் ஒரே இடத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெஸ்டின் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் படியில் உட்கார்ந்தான்.

"இல்லக்கா. அது எழுதுனது. சொன்னது வேற."

றீட்டா திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணும் சொல்லலன்னுதானே அன்னைக்கு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. பாதர் கேட்டப்பவும்."

அன்றைக்குக் கேட்டவர்கள் எல்லோரும் ஒரு ஜெபத்தையோ கர்த்தரின் பெயரையோ எதிர்பார்த்துக் கேட்டார்கள். அவள் சொன்னது சாவு வீட்டில் சொல்லக்கூடிய ஒன்றாக அவனுக்குத் தெரியவில்லை. அது சும்மா ஒரு வேலை சொன்னது. அதைச் செய்யத்தான் அவன் போனை எடுத்துக்கொண்டு வார்டு வராந்தாவுக்கு வந்தான். றீட்டாவின் நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது தாதி ஒருத்தி வந்து உள்ளே கூப்பிட்டாள். அதற்குப் பிறகு அந்த அழைப்பை எடுக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று.

"என்னதான் சொன்னா?"

அவன் ரொஷானி சொன்ன மாதிரியே, கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"அக்காவுக்கு போன் எடுத்து, வரும்போது சோறு கட்டிக்கிட்டு வரச் சொல்லுங்க. இங்க குடுக்கிறது எனக்கு எறங்கல. பருப்புக்கு மட்டும் உப்பக் கொறச்சுப் போடச் சொல்லுங்க."